ஐம்பத்திரண்டாவது கட்டம்

“டீச்சர், நான் இந்த ஸ்கூலுக்கு வந்து ஒரு மாசம்கூட ஆகல. அதுக்குள்ள எனக்குக் கெட்ட பேர் வாங்கிக் கொடுக்கணும்னு பார்க்கறீங்களா?”

புதுத் தலைமையாசிரியர் அந்தத் தாளை மேசைமேல் வைத்தார். வைத்தார் என்பது மரியாதைக்கு. வீசினார் என்பதுதான் உண்மை.

கெமிஸ்ட்ரி டீச்சர் அசரவில்லை. மேசைக்கு எதிரே பெற்றோருக்கென்று ஒரு நாற்காலி கிடந்தது. அவர் அதில் உட்காராமல் நின்றபடியே இருந்தார்.

விஷயம் இதுதான். விடுமுறை முழுக்க ஒரு பெரிய ஆராய்ச்சிக்கூடத்தில் விஞ்ஞானிகளோடு வேலை பார்க்க, பள்ளிக்கு ஒரே ஓர் இடம். டீச்சர் சிபாரிசு செய்தது முதல் மார்க் வாங்கிய பெண்ணை அல்ல, இரண்டாவதாக வந்தவளை. வகுப்பில் அவளுக்கு ‘கேள்விக்குறி’ என்று பட்டப்பெயர்.

“முதல் மார்க் தொண்ணூத்தெட்டு. இவ தொண்ணூறு. எட்டு மார்க்குன்னா கடையில போடற கொசுறா? இந்தக் கேள்விக்குறி உங்களுக்குச் சொந்தமா?”

“இல்ல சார்.”

“டியூஷனுக்கு வர்றாளா?”

“நான் டியூஷனே எடுக்கறதில்ல சார்.”

“அப்புறம் ஏன் இந்த ஓரவஞ்சனை? நாளைக்கு முதல் மார்க் பொண்ணோட அம்மா வந்து என் சட்டையைப் பிடிச்சா நான் என்னத்தைச் சொல்ல?”

ஆணி கிடைக்காததால் மாட்டாமல், தனிம வரிசை அட்டவணையின் புதுப் படம் ஒன்று அலமாரிமேல் சாய்ந்திருந்தது. டீச்சர் அதன் பக்கத்தில் போனார்.

“சார், நீங்க கணக்கு வாத்தியார்தானே? ஐம்பத்திரண்டாவது கட்டம் டெலூரியம். அடுத்தது அயோடின். ரெண்டோட எடையையும் படிங்களேன்.”

அவர் முனகிக்கொண்டே கண்ணாடியை மாட்டினார். “நூத்திருபத்தேழு புள்ளி ஆறு. அடுத்தது நூத்திருபத்தாறு புள்ளி ஒன்பது... அட, கனமானது முன்னாடி நிக்குதே! அச்சுப் பிழையா? இதை யாரு வாங்கினது?”

“பிழை இல்ல சார். முதன்முதல்ல இதைப் போட்டவர் எடை வரிசையிலதான் அடுக்கிக்கிட்டு வந்தார். இந்த ரெண்டுகிட்ட வந்ததும் இடிச்சுது. எடைப்படி போட்டா அயோடின் கந்தகத்தோட குடும்பத்துல போய் உட்காருது. ஆனா அதோட குணமெல்லாம் குளோரின் குடும்பம். அதனால ரெண்டையும் இடம் மாத்திட்டார்.”

“அப்ப எடைக்கு என்ன பதில் சொன்னார்?”

“யாரோ தப்பா அளந்திருக்காங்கன்னுட்டார்.” டீச்சர் சிரித்தார். “அளந்தது சரிதான் சார். அவர் சொன்ன காரணம்தான் தப்பு. ஆனா போட்ட இடம் சரி! அணுவோட நடுவுல இருக்கற புரோட்டானோட எண்ணிக்கைதான் வரிசைங்கறது அவர் காலத்துக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது. டெலூரியத்துக்கு ஐம்பத்திரண்டு, அயோடினுக்கு ஐம்பத்துமூணு. நம்ம மருந்துப் பெட்டியில இருக்கற அயோடினுக்கும் அதேதான், ஏதோ ஒரு நட்சத்திரத்துல இருக்கற அயோடினுக்கும் அதேதான். கண்ணால பார்க்காத ஒரு வரிசையை அந்த மனுஷன் குணத்தை வெச்சே பிடிச்சுட்டார் சார்.”

தலைமையாசிரியரின் விரல் கட்டம் கட்டமாகப் போனது. இரும்பு, தங்கம், மூச்சில் போகும் ஆக்சிஜன், எலும்பில் இருக்கும் கால்சியம். தொட்டது, தின்றது, தொடுகிற விரல் எல்லாமே இந்த நூற்றுப் பதினெட்டுக்குள் அடக்கம். அதிலும் ஒவ்வொன்றும் அதனதன் குடும்பத்தோடு, அதனதன் இடத்தில். காலமெல்லாம் எண்களோடு குடித்தனம் நடத்தியவருக்கு உடம்பு சிலிர்த்தது.

“இத்தனை நாளும் இதைச் சுவத்துல மாட்டற படம்னுதான் நினைச்சேன் டீச்சர்.”

“நான் இதைப் பாடத்துல சொல்லவே இல்ல சார். அந்தக் கேள்விக்குறிதான் எழுந்து, ‘டீச்சர், இந்த ரெண்டும் ஏன் மாறி நிக்குது?’ன்னு கேட்டா. எத்தனை பிள்ளைங்க இந்தப் படத்தைப் பார்த்திருக்காங்க! வேற யார் கண்ணுலயும் இது பட்டதில்ல.”

“அந்த முதல் மார்க்?”

“தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் நூத்திப்பதினெட்டையும் வரிசை பிசகாம ஒப்பிப்பா.” டீச்சரின் குரல் கொஞ்சம் இறங்கியது. “கெட்டிக்காரி சார். ராப்பகலா படிச்சவ. அவ மார்க்குல பொய் இல்ல. ஆனா ஏன் அந்த வரிசைன்னு அவ ஒருநாளும் கேட்டதில்ல. அந்த ஆராய்ச்சிக்கூடத்துக்குக் கேக்கறவதான் சார் வேணும்.”

தலைமையாசிரியர் படத்தை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு தாளை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடும்போதுதான் அவருக்குப் பழைய பயம் திரும்ப வந்தது.

“எனக்குப் புரிஞ்சுது. பெத்தவங்களுக்குப் புரியணுமே! பொண்ணு அழுதுக்கிட்டு இருந்தா எந்த அம்மாவுக்கு டெலூரியம் காதுல ஏறும்? ஒண்ணு பண்ணுங்க டீச்சர். அந்த முதல் மார்க்கோட அம்மாவை உடனே வரச் சொல்லுங்க. நானே பக்குவமா பேசறேன்.”

டீச்சர் பெற்றோருக்கென்று போட்டிருந்த நாற்காலியை இழுத்து, அதில் உட்கார்ந்தார்.

“பேசுங்க சார். நேத்து ராத்திரியிலேருந்து அவ என்கூடப் பேசல.”