பாரிக்குக் கப்பல் வந்ததா?

"பத்துப் பேராவது தேறணும் மேடம். இல்லாட்டி ஷோ கிடையாது."

டிக்கெட் கவுன்ட்டரில் இருந்த கொளஞ்சி தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னார். இசைவாணிக்கு எரிச்சலாக வந்தது. பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு, சிதம்பரத்திலிருந்து கடலூர் வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறாள்.

"ஆன்லைன்ல ஷோ இருக்குன்னு போட்டிருக்கீங்களே?"

"போட்டிருப்பாங்க. ஆள் வரணுமில்ல? நீங்க ஒருத்தரு, அதோ நிக்கிற தம்பி ஒருத்தரு. அவ்ளோதான்."

"மீதி டிக்கெட்டையும் நானே வாங்கிக்கிறேன்."

"ஓனர் இப்பதான் ஆப்பரேட்டர வீட்டுக்கு அனுப்பிட்டாரு. நாளையிலேர்ந்து வேற படம்."

"வேற ஊர்ல எங்கயாவது ஓடுதா?"

"மத்த ஊர்லல்லாம் முந்தாநாளே தூக்கிட்டாங்க."

"ஓடிடில வருமா?"

"இங்கயே ஓடல. அங்க எவன் வாங்குவான்?"

படத்தின் பெயர் 'பனிக்கோள் பாரி'. இசைவாணி சின்னப் பெண்ணாக இருந்தபோது மாதாமாதம் வந்த காமிக்ஸ். யார் முதலில் படிப்பது என்று அவளும் தம்பி அருண்குமாரும் அடித்துக்கொள்வார்கள். பாரியைப் பனிக்கோளில் தனியாக விட்டுவிட்டு விண்கப்பல் கிளம்பிப் போவதோடு ஒரு மாதம் கதை நின்றது. அடுத்த மாதம் புத்தகம் வரவில்லை. கம்பெனியையே இழுத்து மூடிவிட்டார்கள்.

"கப்பல் திரும்ப வரும்க்கா, பாரேன்" என்று வேலைக்குப் போன பிறகும் சொல்லிக்கொண்டிருந்தான் அருண். அதைப் படமாக எடுக்கிறார்கள், கதை எழுதியவரே முடிவையும் எழுதித் தந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டதும் தலைகால் புரியவில்லை அவனுக்கு. முதல் நாளே இரண்டு பேரும் போவதாகப் பேச்சு.

டிரெய்லர் வந்த வாரத்தில் அவன் பைக்கை லாரி அடித்தது. ஆஸ்பத்திரியில் கண் விழித்த கொஞ்ச நேரத்தில், "படம் வந்துடுச்சாக்கா?" என்று கேட்டான். படம் வருவதற்குள் அவன் போய்ச் சேர்ந்துவிட்டான்.

காரியம் முடிகிறவரை தியேட்டர் பக்கம் போகக் கூடாது என்று அம்மா தடுத்துவிட்டாள். இன்றைக்காவது பார்த்துவிட்டு, அவன் போட்டோவுக்கு முன்னால் நின்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் மனசு ஆறும் என்று இசைவாணி நம்பி வந்திருந்தாள்.

அவள் நகராமல் நிற்பதைப் பார்த்துக் கொளஞ்சி கொஞ்சம் இறங்கி வந்தார்.

"எல்லாம் அந்த ரிவ்யூவால வந்தது மேடம். யாரோ சித்தார்த்தாம். ரிலீஸ் அன்னிக்குக் காலையிலேயே போட்டுட்டான். காமிக்ஸக் கொன்னு பொதச்சுட்டாங்க, ஒருத்தரும் போயிடாதீங்கன்னு. மறுநாள்லேர்ந்து ஈ ஓட்டறோம்."

அந்தப் பெயர் அவளுக்குத் தெரியும். அண்ணாமலை நகர்ப் பையன். லட்சக்கணக்கான பேர் பார்க்கிற சேனல். சாப்பிடும்போதுகூட அருண் அவன் வீடியோவைத்தான் ஓடவிடுவான். "சித்தார்த் சொன்னா கரெக்டா இருக்கும்க்கா. மத்தவங்க மாதிரி வாய்க்கு வந்தத அடிச்சுவிட மாட்டான்" என்பான்.

"ஷோ நிச்சயமா இல்லையாண்ணே?"

பின்னால் நின்ற பையன் கேட்டான். முகத்தில் மாஸ்க், தலையில் தொப்பி. ஆனால் அந்தக் குரலை அவள் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லிவிடுவாள்.

"நீங்க சித்தார்த்தானே?"

அவன் வாசல் பக்கம் நடையைக் கட்டினான். இசைவாணி விடவில்லை. ஓடிப் போய் மறித்துக்கொண்டாள்.

"சண்டை போட வரலப்பா. பிடிக்கலேன்னா பிடிக்கலேன்னுதான் சொல்லணும். அப்படிச் சொல்லிட்டும், இன்னொரு தரம் பாத்துடலாம்னு வந்திருக்கீங்க பாருங்க, அந்த மனசு யாருக்கு வரும்? என் தம்பி உங்கள நம்புனதுல தப்பே இல்ல."

அவன் தரையைப் பார்த்தான்.

அவள் அருணைப் பற்றிச் சொன்னாள். லாரியைப் பற்றிச் சொன்னாள். ஆஸ்பத்திரியில் அவன் கேட்டதையும் சொன்னாள். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"படம்தான் இல்லேன்னு ஆயிடுச்சு. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிடுங்க தம்பி, நான் பஸ் ஏறிடறேன். கப்பல் திரும்ப வந்துதா?"

அவன் மாஸ்க்கை இறக்கினான். வீடியோவில் பார்த்ததைவிடச் சின்ன முகம்.

"தெரியலக்கா" என்றான். "நானே இன்னிக்குத்தான் மொதத் தடவ பாக்க வந்தேன்."