நானூறு பேருக்கு ஒரு லாரி

"கொள்முதல்னா இனிமே வெறும் ஆர்டர் போடற வேலை இல்ல, வியூகம்!" என்றார் ஒஹாயோ வாஷிங்மெஷின் தொழிற்சாலையின் புதிய துணைத் தலைவர் டெரிக். வியூகம் நாற்பது ஸ்லைடு இருந்தது. மெஷினில் பொருத்த பேரிங் ஒன்றுகூடக் கையிருப்பில் இல்லை. நாடெங்கும் தட்டுப்பாடு. இன்று வராவிட்டால் நாளை முதல் நானூறு பேருக்கு வேலையில்லை.

மதியம் பேரிங் லாரி வந்தது.

"பாத்தீங்களா, என் வியூகம்!"

"அனுப்பினது டார்லீன்," என்றார் ஃபோர்மேன் வால்ட். "இப்ப அந்த பேரிங் கம்பெனிலதான் வேலை பாக்கறா."

டெரிக் விழித்தார். "நான் வீட்டுக்கு அனுப்பின ஆர்டர் கிளார்க்கா? அவ எதுக்கு எனக்கு உதவணும்?"

"உங்களுக்குன்னு யாரு சொன்னா?" வால்ட் டெலிவரி சீட்டை நீட்டினார்.

'என் கணவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ஆளுக்கொரு நாள் தங்கள் லீவை எனக்கு எழுதிக்கொடுத்த நானூறு பேருக்கு' என்று அதில் எழுதியிருந்தது.