கேள்விக்குறியைத் தொடவும்

இரண்டு கண்ணாடிக் கதவுகளுக்கு நடுவே பிலோமினா மாட்டிக்கொண்டாள். முன்னதும் திறக்கவில்லை, பின்னதும் திறக்கவில்லை. வெளியே காவலாளி வேலாயுதம் கதவை இயக்கும் திரையைப் பார்த்துவிட்டுக் கத்தினார். “‘பூட்டு நேரத்தை இயல்புநிலைக்கு மாற்றவும்’னு வருது. இயல்புநிலைன்னா என்ன மேடம்?” “பக்கத்துல கேள்விக்குறி இருக்கும், அதத் தொடுங்கண்ணே. விளக்கம் வரும்.” சொன்ன பிறகுதான் அந்த விளக்கத்தை எழுதியவளே தான்தான் என்பது அவளுக்கு நினைவு வந்தது. இந்தக் கதவின் மென்பொருளைத் தமிழாக்கும் வேலையில், ஒரே மதியத்தில் நானூறு சொற்களுக்கு விளக்கம் எழுதித் தள்ளியிருந்தாள். வேலாயுதம் எழுத்துக்கூட்டி வாசித்தார். “இயல்புநிலை என்பது இயல்பாக உள்ள நிலை.” அவள் கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்தாள். மூச்சுப் பட்டு அவர் முகம் மங்கியது. “கேக்கலயா மேடம்? இருங்க, இன்னும் சத்தமா வாசிக்கிறேன்” என்றார்.