பாதிப் பிரசங்கம்

"கொழுத்த கன்றை அடித்து விருந்து வையுங்கள்" என்று கதையில் அப்பா சொன்னதுதான் தாமதம், முன்வரிசையில் இருந்த சவுரிராயன் எழுந்துவிட்டார்.

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் விடுவிடுவென்று கோயிலை விட்டு வெளியே போனார்.

பிரசங்கம் செய்துகொண்டிருந்த ஃபாதர் தனிஸ்லாஸ் கதையைப் பாதியிலேயே முடித்துக்கொண்டார். அந்தப் பிரசங்கமே சவுரிராயன் ஒருவருக்காகத்தான்.

சவுரிராயனின் தம்பி மரியசூசை ஏழு வருஷத்துக்கு முன்னால் சண்டை போட்டுப் பாகம் பிரித்து, விற்று, பாண்டிச்சேரியில் குடித்தே தீர்த்தவன். அம்மா சாவுக்குக்கூட வரவில்லை. வியாழக்கிழமை திண்டிவனத்தில் பஸ் இறங்கி, ஊருக்கு நடந்தே வந்து, கோயில் வராந்தாவில் படுத்துவிட்டான்.

"அண்ணங்கிட்ட நீங்களே சொல்லுங்க சாமி. நான் போய் நின்னா வெட்டிப்புடுவாரு."

நேராகச் சொன்னால் சவுரிராயன் காதில் ஏறாது. கதையாகச் சொன்னால் ஏறும். ஆண்டவரே அப்படித்தானே சொன்னார்? அன்றைய பைபிள் வாசகமும் தோதாக ஊதாரி மகன் உவமையாகவே அமைந்தது. ஃபாதர் உற்சாகமாகிவிட்டார். இளையவனைப் பாண்டிச்சேரிக்கே பஸ் ஏற்றினார். பட்டினி போட்டார். அழவைத்துத் திருப்பிக் கூட்டிவந்தார். அப்பா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டார்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. மனுஷன் எழுந்து போய்விட்டாரே!

"தம்பிய சேத்துக்க மாட்டேன்னு மூத்தவன் மொறைக்கிற கதை வர்றதுக்குள்ள ஓடிட்டாரு பாரு" என்று ஒரு குரல் எல்லார் காதிலும் விழுந்தது. பெண்கள் பக்கம் இருந்த சவுரிராயன் மனைவி இருதயமேரி முக்காட்டை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டாள். கடைசியில் நின்றிருந்த மரியசூசை தலையைக் குனிந்துகொண்டான்.

ஃபாதருக்கு வந்ததே கோபம்! பூசை முடிந்ததும் முடியாததுமாக மரியசூசையின் கையைப் பிடித்தார்.

"வா என்கூட. வெட்டறாரா, பார்த்துடலாம்."

வழியெல்லாம் மீதிப் பிரசங்கம் அவர் மனதில் தயாரானது. இந்த முறை கதையெல்லாம் கிடையாது, நேராகவே கேட்டுவிடுவது.

வீட்டு வாசலில் விறகடுப்பு புகைந்துகொண்டிருந்தது. சவுரிராயன் தன் கையாலேயே ஆட்டுக்கறி வதக்கிக்கொண்டிருந்தார்.

ஃபாதர் அப்படியே நின்றுவிட்டார். ஈஸ்டருக்கு முந்தைய இந்தத் தவக்காலம் நாற்பது நாளும் முட்டையைக்கூடத் தொடாத வீடு அது.

சவுரிராயன் நிமிர்ந்து தம்பியை ஏற இறங்கப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. குரலில் மட்டும் அதட்டல் குறையவில்லை.

"என்னாடா இப்பிடி எளச்சிப் போயிருக்குற? போய்க் கை கால் கழுவிக்கினு வா."

மரியசூசை தேம்பிக்கொண்டே உள்ளே போனான்.

"அப்புறம் ஏங்க பாதியிலயே எழுந்து போனீங்க?" என்று கேட்டார் ஃபாதர்.

"நீங்க மெதுவா சொல்லிக்கினு இருந்தீங்க சாமி. பூசை முடிஞ்சி போனா கறிக்கடையில எலும்புதான் இருக்கும்" என்றவர், கரண்டியோடு கொஞ்சம் தயங்கினார். "தவக்காலத்துல கறி ஆக்குனது தப்புதான். சாயந்தரம் வந்து பாவசங்கீர்த்தனம் பண்ணிக்கிறேன். இப்ப புள்ள சாப்புடட்டும்."