இரண்டு குமிழ்கள்

“மாப்ள, இந்தக் குமிழைக் கொஞ்சம் பெருசாக்கிக் குடுங்களேன். என் கண்ணுக்கு மிளகு மாதிரி தெரியுது.”

மாமனார் மடிக்கணினித் திரையில் மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்திருந்தார்.

“கண்ணாடி போட்டுப் பாருங்க மாமா.”

“போட்டிருக்கேனே.”

“அது நெத்தியில இருக்கு.”

அவர் கண்ணாடியை மூக்குக்கு இறக்கிவிட்டார். “இப்பவும் மிளகுதான். கொஞ்சம் பெரிய மிளகு.”

மறுநாள் மாலை நாடகம். காலி அரங்கில் எட்டாவது வரிசையில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் இயக்குநர், அவன் ஒலி. அவருடைய மகள், அவனுடைய மனைவி, இறந்து பதினோரு மாதம். அதற்குப் பிறகு இருவரும் சேர்ந்து செய்யும் முதல் நாடகம் இது.

திரையில் திருகுவதற்கு இரண்டு குமிழ்கள் இருந்தன. இடது பக்கம் ‘குழைவு’. வலது பக்கம் ‘தெளிவு’. அவள் செய்தவை. அந்த மென்பொருளில் நிரல் எழுத வேண்டாம். திரையில் பெட்டிகளை வைத்துக் கம்பியால் இணைத்தால் ஒலி அந்த வழியே ஓடும். ஒரு தடவை இணைத்து, மேலே குமிழ்களை மட்டும் காட்டும் ஒரு முகம் வரைந்து, பெயர் வைத்துவிட்டால் ஒரு பலகை தயார். அடுத்த நாடகத்தில் பெயரைத் தட்டியதும் அதே பலகை வந்து உட்காரும். முகம் மட்டும் தெரியும். கம்பிகள் உள்ளே இருக்கும். ஏழு வருடத்தில் இருபத்திமூன்று நாடகங்கள். இருபத்திமூன்றிலும் இதே பலகை.

அதற்கு முன்பு ஒத்திகை என்றாலே சண்டை. “குரல் குழைவா வரணும்” என்பார் அவர். “வார்த்தை தெளிவாக் கேக்கணும்” என்பான் அவன். ஒருவர் ஏற்றியதை இன்னொருவர் இறக்குவார். சண்டை வீடுவரை வரும். சாப்பாட்டு மேசையில் இருவரும் அவள் வழியாகத்தான் பேசிக்கொள்வார்கள்.

“உங்கப்பாகிட்ட சொல்லு, இது ஒலிபெருக்கி, தாலாட்டு இல்லன்னு.”

“உன் புருஷன்கிட்ட சொல்லும்மா, இது நாடகம், ரயில்வே அறிவிப்பு இல்லன்னு.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். சாயங்காலம் இந்தப் பலகையோடு வெளியே வந்தாள். “ஆளுக்கு ஒண்ணு. அடுத்தவங்களோடதைத் தொடக் கூடாது.”

அதன் பிறகு சண்டை இல்லை. இதே வரிசையில் மூன்று பேரும் உட்காருவார்கள். நடுவில் அவள், முன் இருக்கையின் மேல் காலைப் போட்டுக்கொண்டு. அப்பா திருகுவார். “ஆங், இப்பக் குழைஞ்சுது பாரு” என்பார். அவன் தன்னுடையதை ஒரு மயிரிழை திருகுவான். எழுத்து எழுத்தாகத் துலங்கும். “ரெண்டு பேருக்கும் ஆச்சா?” என்று கேட்டுவிட்டு அவள் வேலையைப் பார்ப்பாள்.

இப்போது நடு இருக்கையில் மடிக்கணினிப் பை கிடந்தது.

“நாளைக்கு இருட்டுல நான் எதைப் புடிச்சுத் திருகுறது? பெருசாக்க எவ்வளவு நேரமாகும்?”

“ரெண்டு நிமிஷம். ஆனா உள்ள திறக்கணும்.”

“திறங்க.”

அவள் இருந்தவரை திறக்கத் தேவை வரவில்லை. பிறகு மனம் வரவில்லை. இப்போது தடை வேறு. திறந்தால் கம்பிகள் தெரியும். பக்கத்தில் அவர் இருந்தார்.

“நீங்க போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க மாமா. முடிச்சு வைக்கிறேன்.”

“டீ எங்கயும் ஓடிடாது. பாப்பா என்ன பண்ணி வச்சிருக்கான்னு நானும் பாக்குறேனே.”

“வேணாம் மாமா.”

“ஏன்?”

அவனிடம் பொய் எதுவும் தயாராக இல்லை.

“உங்க குமிழ்ல கம்பியே கிடையாது மாமா. சும்மா திருகுறதுக்கு வச்சது. அவதான் சொன்னா. அப்பா மனசு நோகும், சொல்லிடாதேன்னா.”

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அவன் காத்திருந்தான். கோபித்துக்கொண்டு எழுந்து போனால், போய் அழைத்து வர இனி நடுவில் ஆள் இல்லை. நாளைக்கு நாடகமும் இல்லை.

அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தான். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

“மாப்ள, உங்க குமிழ்லதான் கம்பி கிடையாது. எனக்கு மட்டும் சொல்லியிருக்கா. ‘அவருக்குத் தெரிஞ்சா மூஞ்சி சுண்டிப் போயிடும்ப்பா, காட்டிக்காதே’ன்னு. ஏழு வருஷமா நீங்க மயிரிழை மயிரிழையா திருகும்போதெல்லாம் எப்படிச் சிரிப்பை அடக்கினேன்னு எனக்குத்தான் தெரியும்.”

“அதெப்படி? நான் திருகினாத் தெளிவாகுதே. என் காதால கேக்குறேனே.”

“நான் திருகினாக் குழையுதே. எனக்கென்ன காது இல்லையா?”

“உங்க மனசு நோகக் கூடாதுன்னு பொய் சொல்லியிருப்பா.”

“என்கிட்டப் பொய் சொல்ல மாட்டா. நான் பெத்தவன்.”

“நான் கட்டினவன்.”

“அப்ப திறங்க. யாரு ஏமாளின்னு பாத்துடலாம்.”

அவன் பலகையின் மேல் இரண்டு முறை தட்டினான். முகம் விலகி உள்ளே இருந்தது விரிந்தது. இருவரும் தலையோடு தலை முட்டக் குனிந்தார்கள்.

இரண்டு குமிழ்களிலிருந்தும் கம்பி எதுவும் கிளம்பவில்லை. கீழே ஒரு சின்னப் பெட்டியில், மாறாத அளவாக அவள் தட்டி வைத்த ஐம்பத்தெட்டு என்ற எண் இருந்தது. ஏழு வருடமாக ஒலிக்குப் போய்க்கொண்டிருந்த ஒரே கம்பி அதிலிருந்துதான் கிளம்பியது.