வெட்டுக்குள் விரல்

ஊரடங்கில் அறுவை சிகிச்சை வகுப்பு கைபேசிக்குள் வந்துவிட்டது. பேராசிரியர் திரையில் பார்த்துக்கொண்டிருக்க, பயிற்சி மருத்துவர் நிலோஃபர் சாப்பாட்டு மேசையில் ஆட்டுக்குடலைத் தைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுச் செண்பகம் தொடையைப் பிடித்தபடி உள்ளே வந்து விழுந்தாள். ரத்தம் பீய்ச்சியடித்தது. நிலோஃபர் கைபேசியைத் திருப்பிக் காட்டினாள்.

“வெட்டுக்குள்ள விரலை விட்டு எலும்போட சேத்து அமுக்கும்மா. ஆம்புலன்ஸுக்கு நான் சொல்றேன்,” என்று கத்தினார் பேராசிரியர்.

அமுக்கினாள். ரத்தம் நின்றது. விரல் நுனியை நாடி முட்டி முட்டித் தள்ளியது.

அரிவாளோடு செண்பகத்தின் புருஷன் உள்ளே வந்தான்.

“கையை எடு டாக்டரே. அவ சாவட்டும்.”

“எடுத்துராதம்மா!” என்றார் பேராசிரியர்.

அவன் குனிந்து நிலோஃபரின் மணிக்கட்டில் அரிவாளை வைத்தான். தோல் கிழிந்தது. நிலோஃபர் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

“வெட்டறதுன்னா வெட்டு. விரல் உள்ளதான் இருக்கும்.”