மாசம் ஒரு சண்டை

"உப்பு கரிக்குது. இதை மனுஷன் வாயில வைப்பானா?" மாமியார் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"உப்பு நீங்கதான அத்தை போட்டீங்க?" என்றாள் மருமகள்.

"அப்போ பழி என் மேலயா? இந்த வீட்டுல எனக்கு மரியாதையே இல்ல. நான் என் பொண்ணு வீட்டுக்குப் போறேன்!"

துணிப்பை ஏற்கெனவே தயாராக இருந்தது. தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று படியிறங்கிவிட்டாள்.

போன மாசம் தலையணை உறை. அதற்கு முந்தின மாசம் மின்விசிறியின் வேகம். மாசம் தவறாமல் ஒரு சண்டை, ஒரு பை, ஒரு வெளிநடப்பு. எதிர்க்கட்சிகூட இவ்வளவு ஒழுங்காக வெளிநடப்பு செய்யாது.

லிஃப்ட் மெக்கானிக்கான மகன் வேலை முடிந்து வந்தபோது மருமகள் அழுதுகொண்டிருந்தாள்.

"நாலு வருஷமா குழந்தை இல்லைன்னு டாக்டரம்மாகிட்ட போனோம். மாத்திரை வேண்டாம், தினமும் கண் முழிச்சதும் டெம்பரேச்சர் பாருங்க, எந்த நாள் தோதுன்னு தானா பிடிபடும்னாங்க. நானும் காலங்காத்தால தெர்மாமீட்டரைக் கவ்விக்கிட்டுக் கிடக்கிறேன். நாளும் பிடிபட்டுச்சு. ஆனா சரியா அந்த நாள் பார்த்து உங்கம்மா என்னை அழ வைக்கிறாங்க!"

"சேச்சே. தற்செயலா இருக்கும்."

"மாசாமாசமா தற்செயல்? நமக்குக் குழந்தை பொறக்கிறதுல அவங்களுக்கு இஷ்டமே இல்லைங்க."

அவனுக்கும் மனசு கேட்கவில்லை. அம்மாவுக்குப் போன் போட்டான்.

"அம்மா, தப்பு எங்க மேலதான். நான் வந்து கூட்டிட்டுப் போறேன்."

"வந்தியோ, காலை உடைச்சுடுவேன்! ரெண்டு நாளைக்கு என் கண்ணுல படாத. வீட்டுல பொண்டாட்டி பக்கத்துலயே கிட!"

போனை வைத்துவிட்டு, மகள் வீட்டு சோபாவில் காலை நீட்டினாள் அம்மா.

"ஏம்மா, அண்ணி பாவம்மா. அழுதுக்கிட்டு இருப்பாங்க" என்றாள் மகள்.

அம்மாவின் முகம் வாடியது. "தெரியும்டி. எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. தங்கமான பொண்ணு."

"அப்புறம் ஏன் மாசாமாசம் வம்புக்கு இழுக்கிற?"

"இருக்கிறது ஒரே ரூம். நடுவுல ஒரு பீரோ. இந்தப் பக்கம் நான் இருமினா, அந்தப் பக்கம் ரெண்டும் மூச்சை அடக்கிக்கிட்டுக் கிடக்குதுங்க. காலையில 'இன்னிக்குத்தாங்க சரியான நாள்'னு அது குசுகுசுன்னு சொல்றது எனக்குக் கேக்காதா? நான் நந்தி மாதிரி நடுவுல படுத்துக் கிடந்தா பேரப்பிள்ளை வானத்துல இருந்தா குதிக்கும்?"

"அதுக்கு நல்லபடியா சொல்லிட்டு வரலாமே?"

"என்னன்னு சொல்றது? விஷயம் புரிஞ்சா அந்தப் பொண்ணு வெட்கத்துல செத்துடும். அப்புறம் என் முகத்துல முழிக்குமா? கோவிச்சுக்கிட்டு வந்தா யாருக்கும் கூச்சம் இல்ல. பொல்லாத மாமியார்னு திட்டிட்டுப் போகட்டும்."

மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கையை விடுடி. அடுத்த மாசத்துக்கு நல்ல சண்டையா ஒண்ணு யோசிச்சுச் சொல்லு. அவ மேல குத்தம் கண்டுபிடிக்க இனிமே என்னால ஆகாது!"